நீ எடுத்துப் போகாத பேப்பர்

என்னோடு பேசாமல் சென்னைக்குப் போய்விட்ட பிள்ளைக்கு,

இதை நம் பத்திரிகையின் நகரப் பக்கத்தில் படிக்கும்போது உனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். வீட்டு விஷயத்தைக் கடைத்தெருவில் வைக்கிறாளே என்று நினைப்பாய். நானும் முதலில் போனில்தான் சொல்ல நினைத்தேன். நீ எடுக்கவில்லை. அப்பா போனிலிருந்து கூப்பிட்டேன். "அப்பா, பக்கத்துல அம்மா இருந்தா வெச்சிடுங்க" என்றாய். பக்கத்தில்தான் இருந்தேன், வைத்துவிட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தபோது, ஊரறிய நடந்த தப்பை வீட்டுக்குள் குசுகுசுவென்று பேசி முடிப்பது சரியில்லை என்று தோன்றியது. ஆசிரியரிடம் கேட்டு, உன் செய்தி வந்த பக்கத்திலேயே இந்தக் கடிதத்துக்கு இடம் வாங்கினேன். இவ்வளவு நீளமாக வேறு யாராவது எழுதிக் கொடுத்திருந்தால் பாதியை நீயே கத்தரித்திருப்பாய். உன் பேரை இதில் எழுதவில்லை. திருத்தத்தில் பேர் போடுவது வேலை. கடிதத்தில் போட வேண்டிய அவசியமில்லை. உன் செய்தியால் பாதிக்கப்பட்ட அம்மாவின் பேரும் வராது, அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், துணிக்கடைகளுக்கு மேலே இருக்கும் நம் ஆபீஸ் படிக்கட்டில்தான் நீ வளர்ந்தாய். ஸ்கூல் லீவு என்றால் உன்னை எங்கே விடுவது என்று தெரியாமல் கூடவே இழுத்துக்கொண்டு வருவேன். என் வேலை அன்றும் இன்றும் ஒன்றுதான். வாசகர்களின் புகார் போனை எடுப்பது, விசாரிப்பது, தப்பு நம் பக்கம் என்றால் திருத்தம் எழுதுவது. மற்றவர்கள் எழுதி நல்ல பேர் வாங்குவார்கள், நான் திட்டு வாங்குவேன். படிக்கட்டுத் திருப்பத்தில் மாட்டியிருக்கும் பலகையை நீ எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினது ஞாபகம் இருக்கிறதா? பத்திரிகையைத் தொடங்கினவர் எழுதி மாட்டினது. யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எழுதக் கூடாது என்று அதில் இருக்கும். தப்பு எந்தப் பக்கத்தில் வந்ததோ அதே பக்கத்தில், அதே இடத்தில் திருத்தம் வர வேண்டும், பேர் போட்டு எழுதின செய்தியானால் பேர் போட்டே திருத்த வேண்டும் என்று இருக்கும். கடைசியில், எழுதினவர் அந்தத் திருத்தம் வந்த பத்திரிகையைத் தன் கையால் கொண்டுபோய், பாதிக்கப்பட்டவர் வீட்டில் கொடுத்துவிட்டு வர வேண்டும் என்று இருக்கும். வேறு எந்தப் பத்திரிகையிலும் இப்படி ஒரு வழக்கம் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. புதிதாகச் சேருகிறவர்கள் சிரிப்பார்கள். ஒருமுறை போய்விட்டு வந்தால் சிரிக்க மாட்டார்கள்.

நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது அப்படி ஒரு வீட்டுக்கு என்னோடு வந்திருக்கிறாய். ஒரு துணிக்கடை பாயின் அண்ணன் இறந்துபோனார். இரங்கல் செய்தியில் அண்ணன் படத்துக்குப் பதிலாகத் தம்பியின் படத்தைப் போட்டுவிட்டார் நம் உதவி ஆசிரியர். மறுநாள் திருத்தம் போட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டு தனியாகப் போக மனிதருக்குத் தைரியம் வரவில்லை. துணைக்கு என்னைக் கூப்பிட்டார், நான் உன்னையும் கூட்டிக்கொண்டு போனேன். பாய் கடை வாசலில் உட்கார்ந்திருந்தார். "நான் செத்துட்டேன்னு நேத்து பூரா சொந்தக்காரங்க அழுதுட்டே வந்தாங்கம்மா. அவங்களுக்கெல்லாம் டீ வாங்கிக் குடுத்தே நான் ஓஞ்சு போயிட்டேன்" என்றார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திருத்தம் அதே பக்கத்தில் வந்திருக்கிறதா என்று பார்த்தார். தலையை ஆட்டினார். உனக்கு ஒரு பூப்போட்ட கர்ச்சீப் கொடுத்தார். அவர் ஏன் நம்மைத் திட்டவே இல்லை என்று திரும்பி வரும்போது கேட்டாய். நாம் நேரில் போனோம் இல்லையா, அதனால்தான் என்றேன். அதை நீ எவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொண்டாய் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அந்த வருஷம்தான் நம் வீட்டு மாடித் தொட்டி நிரம்பி வழிந்து, படிக்கட்டெல்லாம் தண்ணீர் ஓடியது. நீதான் மோட்டாரைப் போட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாய் என்று, அத்தனை வீட்டுக்காரர்கள் முன்னாலும் அப்பா உன்னைப் பிடிபிடியென்று பிடித்தார். மோட்டாரைப் போட்டது கீழ் வீட்டு அம்மா என்று பிறகு தெரிந்தது. அப்பா வீட்டுக்குள் வந்து உன் தலையைத் தடவி, "சரிடா, நீ இல்ல" என்றார். நீ விடவில்லை. "இங்க சொன்னா எப்படிப்பா? அங்கதானே திட்டுனீங்க, அங்க வந்து சொல்லுங்க" என்றாய். சர்க்கார் ஆபீசில் பத்துப் பேரை அதட்டி வேலை வாங்கின மனிதர், ஒவ்வொரு கதவாகத் தட்டி எல்லாரையும் படிக்கட்டுக்குக் கூப்பிட்டு, என் பையன் மேல் தப்பில்லை என்று சொன்னார். எதிர் வீட்டுக்காரர்களுக்காகக் கன்னடத்திலும் ஒருமுறை சொன்னார். நீ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடுவில் நின்றாய். உன்னைப் பத்திரிகையில்தான் சேர்க்க வேண்டும் என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியது. சேர்த்தேன். நான் வேலை செய்யும் ஆபீசிலேயே சேர்த்தேன். அதுதான் இன்று என் கழுத்தைப் பிடிக்கிறது.

நடந்தது உனக்குத் தெரியும், படிக்கிறவர்களுக்குத் தெரியாது என்பதால் எழுதுகிறேன். எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம், வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் பிஜி விடுதி ஒன்றில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் சில பெண்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நீ உடனே கிளம்பிப் போனாய். ஆஸ்பத்திரியில் அந்தப் பெண்களைப் பார்த்தாய், டாக்டரிடம் பேசினாய், எல்லாம் சரியாகத்தான் செய்தாய். அந்த பிஜி இருந்தது நாலாவது மெயின் ரோடு, மூன்றாவது கிராஸ் தெரு. நீ போய் நின்றது மூன்றாவது மெயின், நாலாவது கிராஸ். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவனுக்குக் கூட இது நடக்கும். கொரியர்காரர்களுக்கு வாரத்துக்கு ஒருமுறை நடக்கிறது. அங்கேயும் ஒரு பெண்கள் பிஜி இருந்தது, வாசலில் போர்டு இருந்தது. படம் எடுத்துக்கொண்டாய். ஏறிப்போய் மணியை அடித்து, நடத்துகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த நிமிஷமே விஷயம் தெளிந்திருக்கும். ஆபீசில் செய்திக்கு அவசரப்படுத்தினார்கள், நீ கேட்கவில்லை. மறுநாள் காலை நகரப் பக்கத்தின் தலையில் அந்தக் கட்டிடத்தின் படமும், அலட்சியம் என்ற தலைப்பும், உன் பேரும் வந்தன.

புகார் போனை எடுத்தது நான். "அம்மா, எங்க பிஜில யாருக்கும் ஒண்ணும் ஆவலங்க. எங்க வீட்டுப் படத்த போட்டிருக்கீங்க" என்று ஒரு பெண் குரல். தர்மபுரிப் பக்கத்துப் பேச்சு. எப்போதும் போல, எந்தப் பக்கம், எந்தச் செய்தி என்று கேட்டுக்கொண்டே பேப்பரைப் பிரித்தேன். அதில் உன் பேர் இருந்தது. விசாரித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு உன் மேஜைக்கு வந்தேன். நீயும் உடனே விசாரித்தாய், தப்பு என்று உனக்கும் தெரிந்துவிட்டது. உன் முகம் வெளுத்துப் போனதை நான் பார்த்தேன், அதை மறுக்க மாட்டேன். ஆனால் அடுத்து நீ செய்தது வேறு. இணையத்தில் வந்த படத்தை நீக்கிவிட்டு, முகவரியை மாற்றிவிட்டு, "சரி பண்ணிட்டேம்மா" என்றாய். அப்போ அச்சில் வந்தது என்று கேட்டேன். அதெல்லாம் இப்போது யாரும் பார்ப்பதில்லை, எல்லா இடத்திலும் இப்படித்தான் சத்தமில்லாமல் மாற்றுகிறார்கள் என்றாய். நான் தலையை ஆட்டவில்லை. அப்போதுதான் சென்னைச் சானலில் உன் வேலை கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது என்றும், அவர்களுக்குப் பிடித்துப்போனதே இந்தச் செய்திதான் என்றும் சொன்னாய். திருத்தம் போட்டுக்கொள், என் பேர் மட்டும் வேண்டாம் என்று கெஞ்சினாய். நீ என்னிடம் கெஞ்சி எத்தனை வருஷமாகிறது. ஐஸ்கிரீமுக்குக் கெஞ்சினதோடு சரி.

ஆசிரியரிடம் போனேன். அவராவது வேண்டாம் என்று சொல்ல மாட்டாரா என்ற நப்பாசையில்தான் போனேன், பொய் சொல்வானேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "உங்க பகுதி, நீங்கதான் முடிவு பண்ணணும்" என்றார். என் மேஜைக்கு வந்து எழுதினேன். மற்ற நிருபர்களுக்கு எழுதும்போது என்ன வார்த்தை போடுவேனோ அதே வார்த்தைதான். நேற்று இப்பக்கத்தில் நம் நிருபர் இன்னார் எழுதிய செய்தியில் வந்த படமும் முகவரியும் தவறானவை, அந்த விடுதியில் அப்படி எதுவும் நடக்கவில்லை, அதை நடத்துபவரிடமும் அவர் குடும்பத்தாரிடமும் மன்னிப்புக் கேட்கிறோம். இன்னார் என்ற இடத்தில், நீ பிறந்தபோது நானும் அப்பாவும் சண்டை போட்டுத் தேர்ந்தெடுத்த பேரை எழுதினேன்.

மறுநாள் காலை நீ தோசையைப் பிய்த்துக்கொண்டே பேப்பரைப் புரட்டினாய். நான் அடுப்படியில் நின்றுகொண்டு உன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், மத்தியானத்துக்குள் சரியாகப் போயிருக்கும். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "ஒரு நாள், ஒரே ஒரு நாள் எனக்கு அம்மாவா மட்டும் இருந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டாய். அதோடு பேச்சு நின்றது. அதற்குப் பிறகு இந்த வீட்டில் அப்பாதான் தபால்காரர். சாப்பிட்டானா கேளுங்க என்பேன், ஆச்சாம் என்று வந்து சொல்வார். ஒருநாள் அவருக்கே பொறுக்காமல், "ஹோக்லி பிடு, நம்ம பையன்தானே, நீயே போய்ப் பேசேன்" என்றார். கோபம் வந்தால், போகட்டும் விடு என்பதைக் கூட அவர் கன்னடத்தில்தான் சொல்வார், உனக்குத் தெரியும். உன் அறை வாசல் வரைக்கும் போனேன். கதவைச் சாத்தியிருந்தாய்.

நீ கேட்ட கேள்வி இன்னும் என்னோடுதான் இருக்கிறது. அம்மாவாக மட்டும் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். உன் பேரைப் போடாமல் விட்டிருப்பேன். நீ சந்தோஷமாகச் சென்னைக்குப் போயிருப்பாய், ஸ்டேஷனுக்கு நான் புளிசாதம் கட்டிக்கொண்டு வந்திருப்பேன். அடுத்த முறை இன்னொரு நிருபரின் பேரைப் போடும்போது அவன் அம்மாவின் முகம் எனக்கு ஞாபகம் வரும். அந்த அம்மாவுக்குப் புகார் மேஜையில் யாரும் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இதை நீ நியாயம் என்று ஒத்துக்கொள்வாயா தெரியாது. எனக்கே சில நேரம் ஒத்துக்கொள்ள முடியவில்லை. மனசு உடைந்துதான் கிடக்கிறது.

திருத்தம் வந்த பேப்பரில் ஒன்றை மடித்து ஷூ ஸ்டாண்டின் மேல் வைத்தேன். நீ கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியது. அப்பா மூலம் சொல்லியும் அனுப்பினேன். தினமும் நீ ஷூ போடும்போது அது உன் கண்ணெதிரே இருந்தது. அதைத் துளியும் நகர்த்தாமல் சாக்ஸை மட்டும் எடுப்பாய். வேலை உறுதியாகிவிட்டது என்று அப்பாதான் சொன்னார். அங்கே போய்ச் சேர வேண்டிய நாள் நெருங்கியது. பெட்டி கட்டும் சத்தம் கேட்டது. நீ கிளம்பின அன்று நான் சாமி அறையில் நின்றிருந்தேன், கூப்பிடுவாய் என்று. கதவு சாத்தும் சத்தம்தான் கேட்டது. வந்து பார்த்தால் ஷூ இல்லை, பேப்பர் இருந்தது.

நான் எடுத்துக்கொண்டு போனேன். முறைப்படி நீதான் போக வேண்டும், ஆனால் அங்கே ஒருத்தி காத்திருப்பாளே என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பஸ் மாறி மாறிப் போய் இறங்கி, மெயினையும் கிராஸையும் இரண்டு பேரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு மணியை அடித்தேன். கதவைத் திறந்த அம்மா, "பொண்ணுக்கு ரூமுங்களா? நாங்க காலி பண்றோம்மா" என்றார். உள்ளே கட்டில்கள் சுருட்டின மெத்தையோடு கிடந்தன. கூடத்தில் பெரிய பெரிய பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். உன் செய்தி வந்த அன்றே பெண்களின் பெற்றோர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டிருக்கிறார்கள். தமிழ் தெரியாதவர்களுக்குக் கூட அந்தப் படம் போனில் போய்ச் சேர்ந்திருக்கிறது, யாரோ ஹிந்தியிலும் கன்னடத்திலும் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அந்த வாரத்துக்குள் வீடு காலி. கட்டிடத்தின் சொந்தக்காரர் வாடகைக்கு வேறு ஆளைப் பார்த்துவிட்டார். இவர் ஆனேக்கல்லில் தம்பி வீட்டுக்குப் போகிறார். படத்தை அனுப்பினவர்களில் ஒருவர் கூடத் திருத்தத்தை அனுப்பவில்லை. இத்தனை வருஷம் நான் எழுதின திருத்தங்களைப் பற்றி எனக்கு ஒரு கர்வம் இருந்தது. அந்தக் கூடத்தில் நின்றபோது அது போய்விட்டது.

பேப்பரை நீட்டினேன். வாங்கவில்லை. படித்துவிட்டதாகச் சொன்னார். எழுதினவர் வரவில்லையா என்று கேட்டார். "மணி அடிச்சு ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே உள்ள கூட்டினு போயி சமையக்கட்ட காட்டியிருப்பேன். பெத்தவங்க சொல்லித் தர மாட்டாங்களா அந்தப் பையனுக்கு?" என்றார்.

"பெத்தவ நான்தாம்மா" என்றேன்.

கையில் இருந்த கயிற்றைக் கீழே வைத்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு கட்டிலின் மேல் இருந்த சாக்கை நகர்த்தி, உட்காரச் சொன்னார். பிறகு மெதுவாக, அந்தப் பேரைப் போட்டது நானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். "வூட்ல பேசறாரா?" என்றார். கண்ணா, இத்தனை நாள் உன் அப்பா முன்னால் கூட அழாதவள், உன்னால் வீடு இழந்த ஒருத்தி முன்னால் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். அவர் சாக்கில் கட்டாமல் வைத்திருந்த ஒரே ஒரு பாத்திரத்தில் டீ போட்டுக் கொடுத்தார். சர்க்கரை போதுமா என்று கூடக் கேட்டார். அதைக் குடித்து முடிப்பதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அவருக்கு ஒரு மகள் இருக்கிறாள், ஒன்பதாவது படிக்கிறாள். சுவரோரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவள், நான் எழுந்தபோது பக்கத்தில் வந்தாள். "முன்னெல்லாம் ஸ்கூல்ல என் டிபன் டப்பாலருந்து எல்லாரும் எடுப்பாங்க ஆன்ட்டி. எங்கம்மா புளியோதரைன்னா சண்டையே வரும். இப்ப யாரும் கை வெக்கறதில்ல" என்றாள். பேப்பரைக் காட்டினாயா என்று கேட்டேன். காட்டினாளாம். நீயே எங்கேயாவது அச்சடித்துக்கொண்டு வந்திருப்பாய் என்று ஒருத்தி சொன்னாளாம். "அந்த அண்ணன் எங்க ஸ்கூலுக்கு வருவாரா? எங்க கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் சொல்வாரா?" என்று கேட்டாள். நம் வீட்டுப் படிக்கட்டில் நெஞ்சை நிமிர்த்தி நின்ற ஒரு பையன் எனக்கு ஞாபகம் வந்தான். ஆனேக்கல்லுக்குப் போனாலும் வருஷம் முடிகிற வரைக்கும் அதே ஸ்கூலுக்குத்தான் பஸ்ஸில் வரப்போகிறாளாம்.

சென்னைக்குப் போன பிள்ளைக்கு அம்மா எழுத வேண்டிய மற்றதெல்லாம் எழுதத்தான் ஆசை. வெயிலில் மத்தியானம் அலையாதே, இங்கே மாதிரி இருக்காது. தண்ணீரைக் காய்ச்சிக் குடி. கோபத்தில் சாப்பாட்டை விடாதே, அது உனக்குச் சின்ன வயசிலிருந்தே இருக்கிற வழக்கம். உன் புது ஆபீசில் படிக்கட்டு இருக்குமோ இல்லையோ, லிப்ட்தான் இருக்கும், அங்கே எந்தப் பலகையும் மாட்டியிருக்க மாட்டார்கள். தப்பை யாரும் பார்ப்பதற்குள் அழித்துவிடும் வசதி உன் விரலிலேயே இருக்கும். அழித்த பிறகும் ஒரு பெண் தன் டப்பாவை மூடி வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பாள் என்பதை மட்டும் மறந்துவிடாதே. மைக்கை நீட்டுவதற்கு முன்னால் மணியை அடி.

என்னோடு பேச வேண்டும் என்று கேட்கவில்லை. அதற்கு எத்தனை நாள் வேண்டுமோ எடுத்துக்கொள், உனக்குப் பிடித்த அம்மாவாக நான் எப்போதும் இருந்ததில்லை என்றாலும் பரவாயில்லை. பேப்பர் மறுபடியும் ஷூ ஸ்டாண்டின் மேல்தான் இருக்கிறது. அந்த அம்மா என் கையிலிருந்து வாங்கவே இல்லை. ஒரு சனிக்கிழமை வா. சனிக்கிழமையும் அவர்களுக்கு ஸ்கூல் உண்டு, ஹெட்மிஸ்ட்ரஸிடம் நான் பேசி வைத்துவிட்டேன். வீட்டுக்குள் வராவிட்டால் போகிறது, வாசலில் நின்று பேப்பரை எடுத்துக்கொண்டு அப்படியே போ. நான் சாமி அறையிலேயே இருந்துகொள்கிறேன்.

அந்தப் பெண் கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், படிக்கட்டுப் பலகையில் இருப்பதையெல்லாம் மறந்து, "வருவான்மா, என் பிள்ளை கண்டிப்பா வருவான்" என்று சொல்லிவிட்டேன். எத்தனையோ பேருடைய தப்புக்குத் திருத்தம் எழுதியிருக்கிறேன், உன் தப்புக்கும் எழுதினேன். இந்த ஒன்றுக்கு மட்டும் என்னை எழுத வைக்காதே.

அம்மா